கொடுக்கிற துப்பாக்கி

மார்கழி 2

என் பெயர் தீர்த்தன். இதை நானே எழுதினேன்.

இரண்டு வரி எழுதுவதற்குள் வாயில் போட்ட வெற்றிலை சக்கையாகிவிட்டது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

மார்கழி 3

ஆட்டுக்குக் கொடி அறுத்தேன். பனி அதிகம். வெள்ளச்சி களி கிண்டினாள். வெள்ளச்சி என் மனைவி.

மார்கழி 6

தினமும் நடந்ததை எழுது தாத்தா, நம்ம ஊரைத் தெரியாதவர் படித்தாலும் புரிகிற மாதிரி எழுது என்று ஜெயக்கொடி சொல்லியிருக்கிறது. ஜெயக்கொடிதான் எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் பெண். எங்கள் ஊர்ப் பிள்ளைதான். அடிவாரத்தில் கல்லூரி வரை படித்தது. மலைக் கூட்டுறவுச் சங்கத்துக் கிடங்கின் தாழ்வாரத்தில் சாயங்காலம் வகுப்பு. கடுக்காய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறோம். கை முழுக்கக் கடுக்காய் வாசனை.

என் பக்கத்தில் அலமேலு உட்காரும். அலமேலுவின் எழுத்து எறும்பு போலச் சின்னது. என் எழுத்து எருமை போல. "ஒரு பக்கத்துக்கு நாலு எழுத்துதான் எழுதுவியா மாமா, நோட்டுக்கு யாரு காசு குடுக்கிறது" என்று அது கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன வாரம் சங்கத்தில் உரம் வாங்கப் போனபோது எழுத்தர் மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். நான் அதை அவர் பக்கமே தள்ளிவிட்டேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். இத்தனை வருடமும் கைநாட்டு வைத்துவிட்டு வரும்போது பெருவிரலை மடக்கிக்கொண்டே வருவேன். டீக்கடையில் யாரும் பார்க்கக் கூடாது. வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சாம்பல் போட்டுத் துடைத்தால் மை போகும். இனி அந்த வேலை இல்லை.

என் மகன் கரியராமன் பத்தாவது வரை விடுதியில் தங்கிப் படித்தவன். அவன் கையெழுத்து எனக்கு ரொம்பப் பிடிக்கும். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு கீழே இறங்கி, வளைந்து, பெயருக்கு அடியில் ஓடி நிற்கும். இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறான். அந்தக் கோடு எனக்கு வரவில்லை.

மார்கழி 11

காப்பித் தோட்டத்து மேஸ்திரி வந்தார். தை முடிகிறபோது வண்டி வரும், வருகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார். கரியராமன் பெயர் கொடுத்துவிட்டான்.

எங்களுக்குப் பிறந்து தங்கியது அவன் ஒருவன்தான். போன வருடம் தோட்டத்திலிருந்து இருமிக்கொண்டு திரும்பினான். ஆறு மாதம் போயிருந்தவனை அவன் வளர்த்த நாயே குரைத்தது. வெள்ளச்சி போகக் கூடாது என்று அழுகிறாள். அவன் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். "இங்க என்னம்மா இருக்குது? மரவள்ளியப் பன்னி தின்னுது. பன்னி தின்ன மிச்சத்த நாம தின்னுறோம்."

பால் வண்டி இப்போது மலை ஏறி வருகிறது. ஒரு கறவை மாடு இருந்தால் இங்கேயே இருந்துவிடுவேன் என்றும் சொன்னான். மாட்டுக்கு எங்கே போவது?

மார்கழி 15

இன்று நான் ஊருக்குப் படித்துக் காட்டினேன்.

காலையில் ஜீப்பில் எஸ்.ஐ. வந்து சங்கத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். கூட்டம் கூடிவிட்டது. ஜெயக்கொடி அடிவாரம் போயிருந்தது. படித்த பையன்கள் தோட்டத்திலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். நான் முன்னால் போய் நின்றேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, விரலை வைத்துக்கொண்டு படித்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நோட்டீஸில் இருந்தது இது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தை 25-க்குள் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் வழக்கு இல்லை. துப்பாக்கி ஒன்றுக்கு அரசு ஒரு கறவை மாடு தரும். வீட்டுக்கு ஒரு மாடுதான். அந்தத் தேதிக்குப் பிறகு சோதனை நடக்கும். பிடிபட்டால் சிறை.

"மாடு" என்ற சொல்லைப் படித்தபோது திரும்பிப் பார்த்தேன். கரியராமன் பின்னால் நின்றிருந்தான்.

மார்கழி 16

ஊர்க்கூட்டம். கோயில் முன்னால் உட்கார்ந்தோம்.

ஊர்க்கவுண்டர் வேடியப்பன்தான் எங்கள் ஊர்த் தலைவர். அவர் வீட்டில் பழைய துப்பாக்கி உண்டு, நல்ல இரும்பு, அவர் தாத்தா காலத்தது. அவர்தான் முதலில் பேசினார். மாடு ஒரு வருடம் பால் கொடுக்கும், அப்புறம் வற்றிவிடும், பன்றி எந்த வருடமும் வற்றாது என்றார். காட்டுக்கு வேலி போட்டுத் தரச் சொல்லி எத்தனை முறை மனு கொடுத்தோம், வேலி வரவில்லை, இப்போது துப்பாக்கியைக் கேட்க மட்டும் ஜீப் வருகிறது என்றார். அது நியாயம்தான் என்று பலர் தலையாட்டினார்கள். அடிவாரத்துக் கீழ்நாட்டுக்காரன் வீட்டில் திருடன் வந்தால் போலீஸ் வரும், நம் கொல்லையில் விளைந்த வெள்ளாமைக்குள் பன்றி வந்தால் யார் வருவார்கள் என்று ஒருவர் கேட்டார்.

ஜெயக்கொடி எழுந்து, துப்பாக்கி இருக்கிற ஊரில் பன்றிதான் சாகிறதா என்று கேட்டது. உட்காரச் சொன்னார்கள். அது உட்காரவில்லை. அப்போது அலமேலு எழுந்தது.

அலமேலுவின் புருஷன் செத்தது கம்பு விளைந்திருந்த சமயம், ஒரு மாலையில். கொல்லைக்குள் கம்பந்தட்டை அசைந்தது, பன்றி என்று யாரோ சுட்டுவிட்டார்கள். சுட்டது யார் என்று இன்று வரை ஊர் சொல்லவில்லை. போலீஸுக்குப் பாறையில் விழுந்தான் என்று சொன்னோம். அலமேலுவும் அப்படித்தான் கைநாட்டு வைத்தது.

"எந்தத் துப்பாக்கி என் புருசனச் சுட்டுச்சின்னு எனக்குத் தெரியாது. நான் யாரையும் கேக்கல. எல்லாத்தையும் குடுத்துடுங்க. அதுல அதுவும் போயிரும்."

ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நாளைக்கு யோசித்துச் சொல்கிறேன் என்று கூட்டத்தை முடித்தார்.

மார்கழி 17

காலையில் ஆள் இல்லாதபோது போய் நோட்டீஸை மறுபடி படித்தேன். இரண்டாம் முறை வேகமாக வருகிறது. மூன்றாம் முறை படித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. துப்பாக்கி எப்போது செய்ததாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. சுட வேண்டும் என்றும் இல்லை. துப்பாக்கி என்று மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் துப்பாக்கி கிடையாது. எப்போதும் ஊர்க்கவுண்டர் வீட்டில்தான் இரவல் வாங்குவோம். வீட்டுக்கு வந்து கரியராமனிடம் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். "யப்பா, உனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தது தப்பாப் போச்சு" என்றான். வெள்ளச்சியும் சிரித்தாள். இந்த வீட்டில் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

மாதேசனிடம் ஒன்று செய்யச் சொல்லப் போகிறோம். மாதேசன் கூட்டுரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். மோட்டார், கலப்பை எல்லாம் பற்றவைப்பான்.

மார்கழி 20

விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "தீர்த்தன் படிச்ச படிப்பு" என்கிறார்கள். ஊர்க்கவுண்டரே வீட்டுக்கு வந்து டீ குடித்தார். அவர் இதுவரை எங்கள் வீட்டில் டீ குடித்ததில்லை. நல்ல துப்பாக்கிகளைக் காட்டில் ஒளித்து வைத்துவிடலாம், புதிதாகச் செய்ததைக் கொடுத்துவிடலாம், போலீஸுக்குக் கணக்கு, நமக்கு மாடு, கொல்லைக்குக் காவல், எல்லாம் ஆயிற்று என்றார். இதை யோசிக்க உனக்கு எழுபது வயது ஆக வேண்டியிருந்ததே என்று என் முதுகில் தட்டினார்.

அலமேலு வகுப்பில் தள்ளி உட்கார்ந்தது. கேட்டதற்கு, வெளிச்சம் அந்தப் பக்கம்தான் நன்றாக இருக்கிறது என்றது.

மார்கழி 26

மாதேசனின் பட்டறையில் கூட்டம். கல்யாணத்துக்குத் தாலி செய்யக் கொடுத்த மாதிரி எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். எங்களுக்குத் தை பிறந்துதான் கிடைக்கும்.

தை 1

பொங்கல் வைத்தோம். ஜெயக்கொடி எனக்குப் புது நோட்டு கொடுத்தது.

தை 6

துப்பாக்கி வந்துவிட்டது. மாதேசனே கோணிப்பையில் சுற்றி வண்டியில் கொண்டுவந்தான். பார்த்தால் ஊர்க்கவுண்டர் வீட்டுத் துப்பாக்கிக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. கட்டைக்குப் பலா மரம். குழாய்க்குக் கறுப்பு பெயிண்ட். குதிரை இழுத்தால் டக்கென்று சத்தம் வருகிறது. நோட்டீஸைப் பார்த்து எழுதிப் பழகிய சொல்லை இன்று பொருளைப் பார்த்து எழுதினேன். துப்பாக்கி. துப்பாக்கி. துப்பாக்கி. மூன்றாவது அழகாக வந்திருக்கிறது.

மாதேசன் போகும்போது இது தண்ணீர்க் குழாய், பின்பக்கம் சும்மா பற்றவைத்து அடைத்திருக்கிறேன் என்றான். "இது குடுக்கிற துப்பாக்கி பெரியப்பா, சுடுற துப்பாக்கி இல்ல. மருந்து போட்டுடாதீங்க. பையன்கிட்ட சொல்லிடு." கரியராமன் பால் வண்டிக்காரரைப் பார்க்கப் போயிருந்தான். வந்ததும் சொல்ல வேண்டும்.

தை 7

இன்று பஸ் பெயர்ப்பலகை முழுவதும் படித்தேன். பஸ் கிளம்புவதற்குள் முடித்துவிட்டேன். கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருந்தார். வீட்டுக்கு வந்து எல்லா ஊர் பெயரையும் எழுதினேன். இரண்டு பக்கம் ஆனது. கரியராமன் மாட்டுக்கொட்டகைக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் படித்துக் காட்டினேன். "சேலம் விட்டுட்டியேப்பா" என்றான். சேலம் எழுதினேன்.

தை 10

ஒளித்து வைத்த துப்பாக்கிகளை எடுக்க எல்லோருக்கும் பயம். ஜீப் அடிக்கடி வருகிறது. சத்தம் இல்லாததால் பன்றிகளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. வெயில் இருக்கும்போதே மரவள்ளிக்குள் இறங்குகின்றன. எங்கள் கொல்லையில் கீழ்ப்பக்கம் முழுவதும் உழுது போட்டுவிட்டன. கரியராமன் தகரம் தட்டிக்கொண்டு நின்றான். ஒரு பன்றி அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தின்றதாம்.

தை 12

கொட்டகைக்குக் கூரை போட்டாகிவிட்டது. மாட்டுக்குப் பெயர் வைக்க வெள்ளச்சியும் கரியராமனும் சண்டை போட்டார்கள். லட்சுமி என்றால் ஊர் முழுக்க லட்சுமி என்கிறான் அவன்.

தை 14

கரியராமன் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

தை 17

எழுதச் சொல்லித்தான் ஜெயக்கொடி நோட்டு கொடுத்தது. எழுதுகிறேன்.

பதின்மூன்றாம் தேதி பொழுது சாயும் நேரம். நான் வகுப்பில் இருந்தேன். கொல்லையில் பன்றிகள் கூட்டமாக இறங்கியிருக்கின்றன. கரியராமன் பரண்மேல் இருந்த துப்பாக்கியை எடுத்திருக்கிறான். குதிரை டக்கென்று விழுந்ததால் சுடும் என்று நினைத்திருக்கிறான். வெடிமருந்து ஊர்க்கவுண்டர் வீட்டில் வாங்கியிருக்கிறான். அவன் நல்ல குறிகாரன். ஊர்க்கவுண்டர் துப்பாக்கிக்கு எவ்வளவு போடுவானோ அவ்வளவு போட்டு இடித்திருக்கிறான்.

சத்தம் வகுப்புக்குக் கேட்டது. பன்றி விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அலமேலு மட்டும் எழுந்து ஓடியது. அந்தச் சத்தம் சரியில்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

குழாயின் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். வலது காது கேட்கவில்லை. கண் தப்பியது என்று டாக்டரம்மா சொன்னார். தப்பியது என்ற சொல்லை அவர் சொன்னபோது வெள்ளச்சி அவரைக் கும்பிட்டாள்.

கிணறு தோண்டப் பாறைக்கு வைத்த வெடி என்று ஊர்க்கவுண்டர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார். எஸ்.ஐ.யும் அப்படியே எழுதிக்கொண்டார். மலையில் துப்பாக்கி ஒழிகிற நேரத்தில் அவருக்கும் வேறு மாதிரி எழுத விருப்பமில்லை. கிணறு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

தை 18

ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருப்பதை எல்லாம் படித்துவிட்டேன். செருப்பைக் கழற்றவும். அமைதி காக்கவும்.

தை 20

மாதேசன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றான். ஊர்க்கவுண்டரும் இருந்தார். இதை எப்படி நீ சொல்லாமல் கொடுத்தாய் என்று ஊர்க்கவுண்டர் அவனைத் திட்டினார். பட்டறையை இழுத்து மூடிவிடுவேன் என்றார். மாதேசன் என்னைப் பார்த்தான்.

அன்றைக்கு வண்டிச் சத்தம், நாய் வேறு குரைத்துக்கொண்டிருந்தது. எனக்கும் வயதாகிவிட்டது. ஒருவன் எத்தனையைத்தான் நினைவில் வைத்திருப்பான்? பரண்மேல் வைக்கும்போது ஏதோ சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

கரியராமன் இடது காதை எங்கள் பக்கம் திருப்பி, "அவன விடுங்க" என்று சொன்னான். மாதேசனைத்தான் சொன்னான்.

மாதேசன் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை வெள்ளச்சி உரித்து மகனுக்கு ஊட்டினாள். நான் வெளியே போய் நின்றேன்.

தை 21

இந்த நோட்டை ஜெயக்கொடிக்கு இனிக் காட்டுவதில்லை. எழுத்து நன்றாக வந்துவிட்டது. திருத்த ஒன்றும் இல்லை.

தை 25

ஒப்படைக்கும் நாள். பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல். பெரிய அதிகாரி வந்தார். மேசைமேல் துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கினார்கள். எல்லாம் ஒரே கறுப்பு பெயிண்ட். சிலவற்றில் பெயிண்ட் காயவில்லை, போலீஸ்காரர் கையில் ஒட்டியது. அவர் அதைக் காக்கித் துணியில் துடைத்துக்கொண்டார். அதிகாரி மைக்கில் எங்களை முன்மாதிரி ஊர் என்றார். இனி இந்த மலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்காது என்றார். ஊர்க்கவுண்டருக்குச் சால்வை போட்டார்கள். கைதட்டினோம்.

எங்கள் துப்பாக்கியை நான் கொண்டுபோனேன். வெள்ளச்சி வேண்டாம் என்றாள். கிணற்றில் போடு, பள்ளத்தில் போடு என்றாள். கொட்டகை காலியாக நிற்கிறதே என்றேன். கையில்லாதவனை எந்த மேஸ்திரி கூப்பிடுவான், அவன் எதை வைத்துப் பிழைப்பான் என்றேன்.

எஸ்.ஐ. கோணிப்பையைப் பிரித்துப் பார்த்தார். குழாயின் பின்பக்கம் பூ விரிந்த மாதிரி கிழிந்திருந்தது. கட்டையில் கறை இருந்தது. நான் கழுவிப் பார்த்தேன், பலா மரம் குடித்துவிட்டது. அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது எப்படிப் பெரியவரே கிழிஞ்சிது?" என்று கேட்டார்.

"நோட்டீசுல அதக் கேக்கலீங்க சார்" என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் சொன்னது சரிதான். நோட்டீஸில் இல்லை. அவர் அதற்கு ஓர் எண் கட்டி மற்றவற்றோடு வைத்துவிட்டார். பெயர் கேட்டார். கரியராமன் என்று சொன்னேன்.

அலமேலு மேசையின் ஓரமாக முதலிலிருந்து கடைசி வரை நடந்தது. ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தது. எங்களுடையதன் முன்னால் நின்றது. திரும்பி வந்து என்னிடம், "இத்தன இருக்குதே மாமா, இதுல சுட்டது உன்னுது ஒன்னுதான்" என்றது.

அது மறுபடி வகுப்புக்கு வரவில்லை.

தை 29

மேஸ்திரியின் வண்டி போயிற்று. கரியராமன் போகவில்லை.

மாசி 2

நேற்று அந்தியில் காட்டுப்பக்கம் வெடிச்சத்தம். ஊர்க்கவுண்டர் வீட்டிலிருந்து எல்லோருக்கும் பன்றிக்கறி வந்தது. நல்ல துப்பாக்கி, நல்ல சத்தம். வெள்ளச்சி கறியை நாய்க்குப் போட்டாள்.

மாசி 5

மாடு வந்துவிட்டது.

லாரியில் வந்தது. எல்லா மாட்டுக்கும் கழுத்தில் சாமந்தி மாலை. எங்களுக்கு வந்தது கறுப்பும் வெள்ளையும். கண் பெரிது. கன்றும் கூட இருந்தது. கால்நடை அலுவலகத்து ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கரியராமன் பெயரைக் கூப்பிட்டதும் நானும் கூடப் போனேன்.

கையெழுத்துப் போடுங்கள் என்று பேனாவை நீட்டினார். கரியராமன் இடது கையால் வாங்கினான். தாளில் வைத்தான். முதல் எழுத்துக்குக் கால் இழுப்பதற்குள் பேனா சறுக்கிவிட்டது. மறுபடி வைத்தான். தாள் நகர்ந்தது. அதைப் பிடிக்க வலது கையைக் கொண்டுவந்தான். கட்டுத்துணியைப் பார்த்ததும் அவனே கீழே இறக்கிக்கொண்டான்.

நான் போடுகிறேன், நான் அவன் அப்பா, எனக்கு எழுதத் தெரியும் என்றேன். துப்பாக்கி யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் வைக்க வேண்டும் என்றார் அந்த ஆள். பின்னால் வரிசை நீளம். அவர் மை டப்பாவைத் திறந்து அவன் பக்கம் தள்ளினார்.

கரியராமன் அதைத் திருப்பித் தள்ளவில்லை. பெருவிரலை நீட்டினான். அந்த ஆளே பிடித்து மையில் உருட்டித் தாளில் உருட்டினார். அழுத்தமாக வையுங்கள் என்றார்.

மாட்டை நான் பிடித்துக்கொண்டேன். கன்று பின்னால் வந்தது. டீக்கடை வந்ததும் கரியராமன் பெருவிரலை உள்ளே வைத்து விரல்களை மடக்கிக்கொண்டான். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வெள்ளச்சி மாட்டுக்கு ஆரத்தி எடுக்கவில்லை. செம்பைக் கொண்டுவந்து என் பக்கம் வைத்துவிட்டுப் போனாள். நான் கறந்தேன். நிறைய கொடுக்கிறது. பிறகு தேங்காய் எண்ணெய்ப் புட்டியும் அடுப்புச் சாம்பலும் எடுத்துக்கொண்டு அவனிடம் போய் உட்கார்ந்தேன். விடுப்பா, தானா போகும் என்றான். தானாகப் போகாது. அவன் கையை என் மடியில் வைத்து, எண்ணெய் தடவி, சாம்பல் போட்டு, ஈரத்துணியால் துடைத்தேன். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பெருவிரல் சுத்தமாகிவிட்டது. நகக்கண்ணில் இருப்பது மட்டும் போகவில்லை. அது போக நாளாகும்.